லேப்டாப் இல்லாமல் பயணப் படங்களைக் காப்பாற்றுவது: வேலூர்ப் பக்கம் கேமராவோடு கிளம்புகிறவர்களுக்கு

பழைய வட ஆற்காடு இன்று வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று நான்கு மாவட்டமாகிவிட்டது. 1989-இல் ஒரு பிரிவினை, 2019-இல் இன்னொன்று. ஆனால் காட்பாடியில் இறங்கிக் கேமராவோடு சுற்றுகிறவருக்கு இது இன்றும் ஒரே வட்டம்தான். கோட்டை, ஸ்ரீபுரம், வள்ளிமலை, சோளிங்கர், ஏலகிரி, ஜவ்வாது மலை எல்லாம் மூன்று நாளில் அடங்கிவிடும். சோளிங்கரில் மட்டும் சுமார் 1,300 படி. ரோப் கார் வந்துவிட்டது, ஆனாலும் நல்ல படங்கள் படியில்தான் கிடைக்கும். அந்தப் படியில் லேப்டாப்பையும் அதன் சார்ஜரையும் தூக்கிக்கொண்டு ஏறத் தேவையில்லை. கையிலிருக்கும் ஃபோன், ஒரு ஹப் (பல துளைகள் உள்ள சின்ன இணைப்புப் பெட்டி), ஒரு சின்ன எஸ்.எஸ்.டி. (சுழலும் பாகம் இல்லாத கையடக்க டிஸ்க்) இருந்தால் போதும்.

காப்பி எடுப்பது ஒரு வேலை, படம் பார்ப்பது இன்னொரு வேலை என்றுதான் புதிதாக வருபவர்கள் நினைக்கிறார்கள். இரண்டும் ஒன்றுதான். "காப்பி முடிந்தது" என்று ஃபோன் காட்டுவது பாதி வேலை. எடுத்த காப்பியைத் திறந்து கண்ணால் பார்க்கும்போதுதான் மீதி முடிகிறது. இரவு லாட்ஜில் உட்கார்ந்து அன்றைய படங்களைப் பார்ப்பதை இந்தச் சோதனையாகவே வைத்துக்கொண்டால் தனியாக நேரம் செலவாகாது.

முதலில் இடத்தைக் கணக்குப் போடுங்கள்

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடச் சொல்வார்கள். எஸ்.எஸ்.டி. வாங்கும் முன் உங்கள் கேமரா ஒரு நாளில் எவ்வளவு தின்னும் என்று பாருங்கள். 24 மெகாபிக்சல் கேமராவில் ஒரு ரா ஃபைல் (கேமரா பதப்படுத்தாமல் தரும் மூலப்படம்) ஏறத்தாழ 25 முதல் 30 எம்.பி., உயர்தர ஜேபெக் 8 முதல் 12 எம்.பி. இருக்கும். ராவும் ஜேபெக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு 400 கிளிக் என்றால் 15 ஜி.பி. அதோடு நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் 10 நிமிடம் 4கே வீடியோ எடுத்தால் இன்னொரு 7.5 ஜி.பி. ஆக ஒரு நாளைக்கு 23 ஜி.பி., மூன்று நாளைக்கு 70 ஜி.பி. அளவு.

இதற்கு 64 ஜி.பி. கார்டு இரண்டும், 256 அல்லது 500 ஜி.பி. எஸ்.எஸ்.டி. ஒன்றும் சரியாக இருக்கும். 256 ஜி.பி. கார்டு ஒன்றே வாங்கி எல்லாவற்றையும் அதிலேயே போடலாமே என்று தோன்றும். அந்த ஒரு கார்டு போனால் மூன்று நாளும் போகும்.

ஜவ்வாது மலையில் காவலூர்ப் பக்கம் இரவு வானம் எடுக்கப் போகிறவர்கள் தனிக் கணக்குப் போட வேண்டும். 30 நொடி எக்ஸ்போஷராக இரண்டு மணி நேரம் விடாமல் எடுத்தால் 240 ஃபைல், ராவில் மட்டும் 6 முதல் 7 ஜி.பி. அந்த 240-ஐயும் வீட்டில் ஒன்றாகச் சேர்த்து நட்சத்திரக் கோடுகளாக்கப் போகிறீர்கள். நடுவில் நான்கு ஃபைல் காணாமல் போனால் கோட்டில் இடைவெளி விழும்.

என்னென்ன வாங்க வேண்டும்

ஹப்: ஃபோனின் டைப்-சி துளையில் செருகக்கூடியது. எஸ்டி கார்டு துளை, குறைந்தது ஒரு யு.எஸ்.பி. துளை, சார்ஜர் செருக ஒரு டைப்-சி துளை, இந்த மூன்றும் இருக்க வேண்டும். மூன்றாவதுதான் முக்கியம். அது இல்லாவிட்டால் கார்டு, எஸ்.எஸ்.டி. இரண்டுக்கும் ஃபோனின் பேட்டரியே மின்சாரம் கொடுக்க வேண்டியிருக்கும்.

எஸ்.எஸ்.டி.: பழைய சுழலும் ஹார்டு டிஸ்க்கை எடுத்துவராதீர்கள். அதன் தட்டு சுழலத் தொடங்கும்போது இழுக்கும் மின்சாரத்தைப் பல ஃபோன்களால் கொடுக்க முடியாது. டிக் டிக்கென்று சத்தம் வரும், டிஸ்க் தெரியாது. பஸ் குலுக்கலும் அதற்கு ஆகாது. பென் டிரைவ் பரவாயில்லை, ஆனால் மெதுவானது. எழுதும் வேகம் நொடிக்கு 15 எம்.பி. உள்ள பென் டிரைவில் 23 ஜி.பி. ஏற 25 நிமிடம் ஆகும். சாதாரண யு.எஸ்.பி. 2.0 ஃபோனில் எஸ்.எஸ்.டி.யை மாட்டினால் குறைந்தது 11 நிமிடம், யு.எஸ்.பி. 3 ஃபோனில் 5 நிமிடம். ஐஃபோன் 15-இன் டைப்-சி துளை 2.0 வேகம்தான், 15 ப்ரோவில்தான் 3. துளையின் வடிவத்தைப் பார்த்து வேகத்தை முடிவு செய்யாதீர்கள்.

கேபிள்: எஸ்.எஸ்.டி.யோடு வந்ததையே கொண்டுவாருங்கள். சந்தையில் கிடைக்கும் சில கேபிள்கள் சார்ஜ் மட்டுமே செய்யும், டேட்டா போகாது. பார்வைக்கு வித்தியாசமே தெரியாது.

எஸ்.எஸ்.டி. எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் ஆகியிருக்க வேண்டும் (ஃபைல்களை டிஸ்க்கில் அடுக்கும் முறைகளில் ஒன்று இது). வீட்டு விண்டோஸ் கணினியில் என்.டி.எஃப்.எஸ். முறையில் ஃபார்மட் செய்ததைப் பல ஆண்ட்ராய்டு ஃபோன்கள் கண்டுகொள்ளாது, ஐஃபோன் படிக்கும் ஆனால் அதில் எழுதாது. ஃபேட்32-க்கு வேறொரு சிக்கல்: ஒரே ஃபைல் 4 ஜி.பி.யைத் தாண்டக் கூடாது. மேலே சொன்ன 100 மெகாபிட் வீடியோவில் அது ஐந்தரை நிமிடம்தான். அதற்கு மேல் நீளமான கிளிப் காப்பி ஆகாமல் நிற்கும், காரணமும் சொல்லாது. கிளம்பும் முன்பே வீட்டுக் கணினியிலோ வாங்கிய கடையிலோ எக்ஸ்ஃபேட்டாக மாற்றிவிடுங்கள்.

நடைபாதையில் 2 டி.பி. பென் டிரைவ் சில நூறு ரூபாய்க்குக் கிடைத்தால் அது 2 டி.பி. அல்ல. கொள்ளளவை ஏற்றிக் காட்டும் போலி. உண்மையான இடம் நிரம்பியதும் பழைய ஃபைல்கள் மேலேயே எழுதிக்கொண்டு போகும், பெயர் மட்டும் பட்டியலில் இருக்கும். புதிதாக வாங்கியதைக் குறைந்தது பாதிக்கு மேல் நிரப்பி, முதல் ஃபைலும் கடைசி ஃபைலும் திறக்கின்றனவா என்று வீட்டிலேயே பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

இரவு வேலை, படிப்படியாக

1. ஃபோனை ஃப்ளைட் மோடில் போடுங்கள். பேட்டரி சேவரை அணைத்துவிடுங்கள். காப்பி நடுவில் நிற்பதற்குப் பெரும்பாலான காரணம் இதுதான்: திரை அணைந்ததும் ஃபைல் ஆப்பை ஃபோன் தூங்கவைத்துவிடுகிறது. திரை அணையும் நேரத்தை 10 நிமிடமாகவோ 30 நிமிடமாகவோ கூட்டிவிடுங்கள்.

2. கார்டைக் கேமராவிலிருந்து எடுத்ததும் அதன் இடது ஓரத்தில் இருக்கும் சின்னப் பூட்டைக் கீழே தள்ளுங்கள். இனி பெரும்பாலான ரீடர்களில் அந்தக் கார்டில் யாரும் எழுதவோ அழிக்கவோ முடியாது. தூக்கக் கலக்கத்தில் "மூவ்" என்று அமுக்கினாலும் மூலப்படம் தப்பிக்கும்.

3. ஹப்பில் சார்ஜரை முதலில் மாட்டி, பிறகு எஸ்.எஸ்.டி., கடைசியாகக் கார்டு. ஒப்போ, விவோ, ரியல்மி, ஒன்பிளஸ் ஃபோன்கள் பலவற்றில் செட்டிங்ஸில் ஓடிஜி (வெளிச் சாதனங்களை ஃபோனோடு இணைக்கும் வசதி) என்று தேடி அதைக் கையால் இயக்க வேண்டும். பயன்படுத்தாமல் 10 நிமிடம் விட்டால் அது தானே அணைந்துவிடும். "நேற்று வேலை செய்தது, இன்று எஸ்.எஸ்.டி. தெரியவில்லை" என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

4. எஸ்.எஸ்.டி.யில் நாளுக்கொரு ஃபோல்டர், அதற்குள் கார்டுக்கொரு ஃபோல்டர். தேதியை வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் எழுதினால் தானாக அடுக்காக நிற்கும். 2025-01-14 கோட்டை, அதற்குள் கார்டு-1, கார்டு-2. எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் கொட்டாதீர்கள். கேமராவின் எண் 9999-க்குப் பிறகு மீண்டும் 0001 என்று தொடங்கும், சிலவற்றில் கார்டு மாற்றினாலே தொடங்கும். ஒரே பெயரில் இரண்டு ஃபைல் வந்து, "ஓவர்ரைட் செய்யவா" என்ற கேள்விக்குச் சரி என்று சொன்னால் ஒரு படம் அங்கேயே செத்தது.

5. கார்டில் உள்ள எல்லா ஃபோல்டரையும் தேர்ந்தெடுத்து "காப்பி" கொடுங்கள். டிசிஐஎம் என்ற ஃபோல்டரை மட்டும் எடுத்தால் போதும் என்பது பாதி உண்மை. சோனி கேமராக்கள் வீடியோவைப் பிரைவேட் என்ற ஃபோல்டருக்குள் வைக்கும். டிசிஐஎம்மை மட்டும் காப்பி எடுத்துவிட்டுக் கார்டை அழித்தவருக்குப் படம் இருக்கும், வீடியோ இருக்காது.

6. முடிந்ததும் கார்டின் ஃபோல்டரையும் காப்பியின் ஃபோல்டரையும் அதே ஆப்பில் திறந்து, ஃபைல் எண்ணிக்கையும் மொத்த அளவும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். ஒரு ஆப் காட்டுவதையும் இன்னொன்று காட்டுவதையும் ஒப்பிடாதீர்கள். 64 ஜி.பி. கார்டைச் சிலது 64 என்றும் சிலது 59.6 என்றும் காட்டும், இரண்டும் சரிதான்.

7. இப்போது கார்டைக் கழற்றிவிட்டு எஸ்.எஸ்.டி.யிலிருந்தே படங்களைப் பாருங்கள். கார்டு மாட்டியபடியே பார்த்தால் எதைப் பார்க்கிறோம் என்ற குழப்பம் வரும். முதலாவது, கடைசி, நடுவில் பத்துப் பதினைந்து, பிறகு ஒவ்வொரு வீடியோவின் கடைசி ஐந்து நொடி. அரைகுறையாக ஏறிய வீடியோ தொடக்கத்தில் நன்றாகவே ஓடும், முடிவில்தான் காட்டிக்கொடுக்கும்.

8. ஆண்ட்ராய்டில் "எஜெக்ட்" கொடுத்துவிட்டுக் கழற்றுங்கள். ஐஃபோனில் அந்தப் பொத்தானே கிடையாது. காப்பி வட்டம் மறைந்த பிறகு ஒரு நிமிடம் பொறுத்துக் கழற்றுங்கள்.

ஐஃபோன்காரர்களுக்கு ஒரு குறிப்பு. கார்டைச் செருகியதும் ஃபோட்டோஸ் ஆப் "இம்போர்ட்" என்று அழைக்கும். போகாதீர்கள், ஃபோனின் இடம் நிரம்பிவிடும். ஃபைல்ஸ் ஆப்பில் கார்டையும் எஸ்.எஸ்.டி.யையும் திறந்து நேராகக் காப்பி எடுங்கள். ஐஓஎஸ் 13-இலிருந்து இந்த வசதி இருக்கிறது. லைட்னிங் துளை உள்ள பழைய ஐஃபோனில் சார்ஜர் துளையும் சேர்ந்த கேமரா அடாப்டர் வேண்டும். ஃபோனிலேயே எடுத்த படங்களை எஸ்.எஸ்.டி.க்கு அனுப்ப, ஃபோட்டோஸில் படங்களைத் தேர்ந்தெடுத்து, ஷேர் பொத்தானை அமுக்கி, "எக்ஸ்போர்ட் அன்மாடிஃபைடு ஒரிஜினல்" என்பதைத் தேடுங்கள்.

ஹப் இல்லை, கார்டு ரீடர் மட்டும் இருக்கிறது என்றால் கார்டிலிருந்து ஃபோனுக்கு, பிறகு ரீடரைக் கழற்றி எஸ்.எஸ்.டி.யை மாட்டி ஃபோனிலிருந்து அதற்கு என்று இரண்டு நடையாகச் செய்யலாம். ஃபோனில் இடம் வேண்டும், பொறுமையும் வேண்டும். கேமராவின் வைஃபை வழியாகவும் படம் இறக்கலாம், ஆனால் அது பார்க்கவும் பகிரவும் மட்டும். நிக்கானின் ஸ்னாப்பிரிட்ஜ் ஆப் தானாக அனுப்புவது 2 மெகாபிக்சல் அளவுக்குச் சுருக்கிய படம். அதைக் காப்பி என்று நினைத்துக் கார்டை அழித்துவிடக் கூடாது.

பெரிதாகப் பார்ப்பது

கோட்டைக்குள் ஜலகண்டேசுவரர் கோயிலின் கல்யாண மண்டபத் தூண்களை எடுக்காமல் யாரும் திரும்புவதில்லை. உள்ளே வெளிச்சம் குறைவு, ஷட்டர் மெதுவாகும், கை ஆடும். கேமராவின் மூன்று அங்குலத் திரையில் எல்லாமே கூர்மையாகத்தான் தெரியும். ஃபோனில் திறந்து யாளியின் கண்ணைப் பெரிதாக்கினால்தான் உண்மை தெரியவரும். ஆட்டம் கண்டிருந்தால் மறுநாள் காலை இன்னொரு முறை போக முடியும். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் முடியாது. அன்றிரவே பார்க்கச் சொல்வதன் இன்னொரு லாபம் இது.

ரா ஃபைல்களைப் பல ஃபோன் கேலரிகள் திறக்காது. லைட்ரூம் மொபைல் திறக்கும், ஆனால் மெதுவாக. எளிய வழி கேமராவை ரா கூட்டல் சிறிய ஜேபெக் என்று வைப்பது. ஜேபெக் பார்ப்பதற்கு, ரா வீட்டில் வேலை செய்வதற்கு. கூர்மையைச் சோதிக்க விரும்பினால் மட்டும் ஜேபெக்கைப் பெரிய அளவில் வையுங்கள். மேலே போட்ட கணக்கு பெரிய ஜேபெக்குக்கானது.

லாட்ஜ் அறை டிவியில் பார்ப்பது குடும்பத்தோடு வந்தவர்களுக்கு நல்ல பொழுதுபோக்கு. பென் டிரைவை ஃபேட்32-ஆக வைத்து, தேர்ந்தெடுத்த ஜேபெக்குகளை மட்டும் அதில் போட்டு டிவியின் யு.எஸ்.பி. துளையில் செருகுங்கள். ரா தெரியாது. ஐஃபோனின் ஹெயிக் படங்களும் பெரும்பாலும் தெரியாது. கேமரா செட்டிங்ஸில் "மோஸ்ட் கம்பாட்டிபிள்" என்று முன்பே மாற்றியிருந்தால் ஜேபெக்காகவே வரும். யு.எஸ்.பி. துளையை முடக்கி வைத்திருக்கும் லாட்ஜ்களும் உண்டு. அங்கே எச்டிஎம்ஐ கேபிள்தான் வழி. கேமராவின் துளை மினியா மைக்ரோவா என்று பார்த்து வாங்குங்கள், இரண்டும் ஒன்றல்ல. ஹப்பின் எச்டிஎம்ஐ எல்லா ஃபோனுக்கும் வேலை செய்யாது. சாம்சங் எஸ் வரிசை, ஐஃபோன் 15-க்குப் பிந்தையவை போன்றவைதான் படத்தை வெளியே அனுப்பும். அறை டிவியில் உங்கள் கூகுள் கணக்கைத் திறந்தால், கிளம்பும் முன் மறக்காமல் வெளியேறுங்கள்.

கிளவுடை எவ்வளவு நம்பலாம்

கூகுள் 15 ஜி.பி. இலவசமாகத் தருகிறது. ஜிமெயில், டிரைவ், ஃபோட்டோஸ் மூன்றும் அதற்குள் அடங்க வேண்டும். ஐகிளவுடில் 5 ஜி.பி. நம்முடைய ஒரு நாள் கணக்கே 23. அப்லோடு வேகம் 10 மெகாபிட் இருந்தால்கூட அதை ஏற்ற ஐந்து மணி நேரம் ஆகும். மலை மேல் அந்த வேகம் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.

ஆகவே எல்லாவற்றையும் ஏற்றப் பார்க்காமல், அன்றைய சிறந்த 30 ஜேபெக்குகளை மட்டும் ஏற்றுங்கள். 300 எம்.பி.தான், தினசரி டேட்டாவுக்குள் அடங்கும். பை முழுவதுமே தொலைந்தாலும் அந்த முப்பது படமாவது மிஞ்சும். கூகுள் ஃபோட்டோஸில் "ஒரிஜினல் குவாலிட்டி" என்று வையுங்கள். "ஸ்டோரேஜ் சேவர்" 16 மெகாபிக்சலுக்கு மேற்பட்ட படங்களைச் சுருக்கிவிடும். ஏறிய படத்தை ஃபோட்டோஸ் ஆப்பில் அழித்தால் கிளவுடிலும் அழியும், 60 நாள் குப்பைத் தொட்டியில் கிடக்கும், அவ்வளவுதான். ஃபோனில் இடம் வேண்டுமென்றால் "ஃப்ரீ அப் ஸ்பேஸ்" வழியாகப் போங்கள்.

வாட்ஸ்அப்பில் நமக்கு நாமே அனுப்பி வைப்பது பலரின் பழக்கம். படமாக அனுப்பினால் சுருங்கும், எடுத்த தேதி நேர விவரமும் போய்விடும். டாகுமென்ட்டாக அனுப்பினால் அப்படியே போகும்.

கடையில் கொடுத்துக் காப்பி எடுப்பது

சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் லாட்ஜும் ஜெராக்ஸ் கடையும் அடுத்தடுத்து இருக்கும். எதுவும் கொண்டுவராதவர் அங்கே ஒரு பென் டிரைவ் வாங்கிக் காப்பி போட்டுத் தரச் சொல்லலாம். கடைசி வழியாக மட்டும். நூறு பேரின் பென் டிரைவ் நுழைந்த கணினி அது. எல்லா ஃபோல்டரையும் ஷார்ட்கட்டாக்கிவிடும் வைரஸ் இன்னும் ஊரைவிட்டுப் போகவில்லை. கார்டின் பூட்டைப் போட்டுவிட்டுக் கொடுங்கள், பூட்டிய கார்டில் வைரஸ் ஏறுவது கடினம். கட் வேண்டாம், காப்பி போதும் என்று வாய்விட்டே சொல்லுங்கள். முடிந்ததும் அங்கேயே நான்கு படத்தைத் திறந்து பாருங்கள்.

எதை எங்கே வைப்பது

கார்டும் எஸ்.எஸ்.டி.யும் ஒரே பையில் இருந்தால் அது இரண்டு காப்பி அல்ல, ஒன்றுதான். சோளிங்கர் படியில் குரங்குகள் பையையே பறிக்கும். ஸ்ரீபுரம் பொற்கோயிலில் ஃபோனும் கேமராவும் உள்ளே அனுமதியில்லை, வெளியே கவுன்டரில் ஒப்படைக்க வேண்டும். ஆகவே எஸ்.எஸ்.டி. அறைப் பெட்டியில், எடுத்து முடித்த கார்டு சட்டைப் பையில் ஒரு சின்ன டப்பாவில். இரண்டு பேராக வந்திருந்தால் ஆளுக்கொன்று.

வெயிலை லேசாக நினைக்க வேண்டாம். ஐஃபோனை 35 டிகிரி வரை பயன்படுத்தலாம், 45 டிகிரி வரை வைத்திருக்கலாம் என்கிறது ஆப்பிள். அக்னி நட்சத்திரத்தில் வேலூர் நிழலிலேயே 40-ஐத் தாண்டும், கோட்டை வாசலில் நிறுத்திய கார் அதற்கும் மேல். காருக்குள் எதையும் விட்டுவிட்டுப் போகாதீர்கள். காப்பி எடுக்கும்போது ஃபோனும் எஸ்.எஸ்.டி.யும் தானே சூடாகும். மெத்தையில் வைக்காமல் தரையிலோ மேசையிலோ மின்விசிறிக்குக் கீழே வையுங்கள். சூடேறினால் எஸ்.எஸ்.டி. வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், ஃபோன் சார்ஜ் ஏறுவதை நிறுத்திவிடும்.

10,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் கையில் தருவது 6,000-த்துச் சொச்சம்தான். மீதி மின்னழுத்த மாற்றத்தில் போய்விடும். ரயிலில் இரவு 11 முதல் காலை 5 வரை சார்ஜ் பாயிண்டில் மின்சாரம் நிறுத்துவதுண்டு. காப்பி வேலையை ரயிலில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

தவறிப்போய்க் கார்டை ஃபார்மட் செய்துவிட்டால் அந்தக் கார்டில் அதற்குப் பிறகு ஒரு படம்கூட எடுக்கக் கூடாது. சாதாரண ஃபார்மட் பட்டியலைத்தான் அழிக்கிறது, படங்கள் மேலே எழுதும் வரை அடியில் கிடக்கும். கார்டைப் பூட்டித் தனியே வைத்து, வீட்டுக்குப் போய் ஃபோட்டோரெக் போன்ற மென்பொருளில் மீட்டுப் பாருங்கள். நீங்கள் எடுத்த அடுத்த நூறு படம் எதன் மேல் உட்கார்ந்ததோ அது திரும்பாது.

கார்டு நிரம்பாதவரை பயணத்தில் அழிக்கவே வேண்டாம். வீட்டுக் கணினியிலும் இன்னொரு டிஸ்க்கிலும் காப்பி ஏறி, திறந்து பார்த்த பிறகு, ஃபோனில் அல்லாமல் கேமராவிலேயே மாட்டி ஃபார்மட் செய்யுங்கள். தனக்கு வேண்டிய ஃபோல்டர்களைக் கேமரா தானே போட்டுக்கொள்ளும். பூட்டை மேலே தள்ள மறந்திருந்தால் "கார்டு லாக்டு" என்று திட்டும், அப்போது தள்ளிக்கொள்ளலாம்.